அனாமத்துக் கணக்கு

எங்கள் வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. பழைய கணக்குப்பிள்ளைகள் இதை அனாமத்து என்பார்கள். பணம் வந்துவிட்டது, யார் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியவில்லை. அல்லது ஒரு தொகை போய்விட்டது, எதற்காகப் போயிற்று என்று காட்டும் தாள் இன்னும் வரவில்லை. அன்றைய கணக்கை மூடியாக வேண்டும் என்பதால் அத்தொகையை அனாமத்தில் நிறுத்திவைக்கிறோம். அது தங்கிப்போகும் இடம்தான். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நாள் எதிர்ப்பதிவு வந்து கணக்கு நேராக வேண்டும். வராமல் கிடப்பவற்றைப் பற்றித்தான் தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கேட்பார். 12 வருஷ குமாஸ்தா உத்தியோகத்தில் எனக்குப் பிடிபட்ட தத்துவம் என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்: எதிர்ப்பதிவு இல்லாத பதிவை முழு உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதை இங்கே எழுத ஒரு காரணம் ஏற்பட்டது.

எனக்குப் பள்ளியில் தமிழ் சொல்லித்தந்த ஐயாவுக்கு எங்கள் கிளையில்தான் கணக்கு. ஓய்வூதியம் வரவானதும், மாத முதல் வாரத்தில், பாஸ்புக்கில் பதிந்துகொண்டு போக வருவார். அன்று அவர் வந்தது ஒரு மாதக் கடைசித் திங்கட்கிழமை. டோக்கன் எடுக்காமல் நேராக என் கவுண்டருக்கு வந்து போனை நீட்டினார். அவர் மகன் என் வகுப்புத் தோழன். எட்டு வருஷமாக டெக்ஸஸ் மாநிலத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறு காலையில் தவறாமல் பேசுகிறவன் அந்த ஞாயிறு பேசவில்லை. அவனோடு தங்கியிருப்பவன் ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுப்பியிருந்தான்: வெள்ளி இரவு போலீஸ் அழைத்துப் போயிருக்கிறது, கவலைப்பட வேண்டாம். அதற்குப் பிறகு அவனிடமிருந்தும் ஒன்றும் இல்லை.

“நீ இங்கிலீஷ் படிச்ச பிள்ளை தம்பி. எங்க வச்சிருக்காங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லு. என்ன செஞ்சான்னு நான் கேக்கல” என்றார்.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து தேடினேன். அமெரிக்கா போன்ற தேசத்தில் பிடிபட்டவர்களுக்கெல்லாம் ஒரே பெரிய பட்டியல் இருக்கும், பெயரைப் போட்டால் வந்து நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்று கிடையாது. ஆங்கிலத்தில் ஜெயில் வேறு, பிரிஸன் வேறு என்ற வித்தியாசமே அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழில் இரண்டையும் சிறை என்று சொல்லிவிடுகிறோம். தண்டனை பெற்று வருஷக் கணக்கில் இருப்பவர்களுக்கான சிறைகள் மாநில அரசிடமோ மத்திய அரசிடமோ இருக்கின்றன. இன்று பிடிபட்டவன், விசாரணைக்குக் காத்திருப்பவன், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனை பெற்றவன் - இவர்கள் இருப்பது கவுண்டியின் ஜெயிலில். கவுண்டி என்பதை நம் மாவட்டத்தோடு ஒப்பிடலாம். ஆனால் பல கவுண்டிகள் நம் தாலுகாவைவிடச் சிறிய ஜனத்தொகை உடையவை. அப்படி 3,000க்கு மேல் இருக்கின்றன. லூயிசியானாவில் அதற்குப் பாரிஷ் என்று பெயர். கனெக்டிகட், டெலவேர் போன்ற சில மாநிலங்களில் கவுண்டி ஜெயிலே கிடையாது, எல்லாம் மாநிலத்தின் கையில். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஜெயிலின் பொறுப்பு ஷெரீஃபுடையது. சென்னையில் ஷெரீஃப் என்று ஓர் அலங்காரப் பதவி இருந்தது. அங்கே அவர் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் அதிகாரி.

ஆகவே முதல் கேள்வி எந்த ஊர் என்பதல்ல, எந்தக் கவுண்டி என்பது. டல்லாஸ் என்ற ஒரு நகரம் ஐந்து கவுண்டிகளில் கால் வைத்து நிற்கிறது. நண்பன் இருந்த சிறிய ஊரும் இரண்டு கவுண்டிகளுக்கு நடுவில் கிடந்தது. முதல் கவுண்டியின் ஷெரீஃப் பட்டியலில் அவன் பெயரைப் போட்டேன். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. அந்த வரியைப் படித்ததும் எனக்கு உண்டான நிம்மதி எவ்வளவு அபத்தமானது என்பது சில நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. பதிவு இல்லை என்றால் அவன் எங்கேயும் இல்லை என்றல்லவா அர்த்தம்?

இரண்டாவது கவுண்டியிலும் முதலில் கிடைக்கவில்லை. காரணம் அவன் பெயர். தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தைத் தகப்பன் பெயரால் நிரப்புகிறார்கள். நிரப்பாமல் விட்டவனுக்கு அமெரிக்க விசாவில் எஃப்.என்.யு. என்று விழும், முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. பாதித் தமிழ்நாடு அந்நாட்டில் பெயர் தெரியாதவர்களாக வேலை பார்த்திருக்கிறது. அவன் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டேன். எஃப்.என்.யு. போட்டேன். பிறகு ஐயாவின் பெயரைப் போட்டேன். ஐயாவின் பெயரில் ழகரம் உண்டு. அதை எல் என்று எழுதிப் பார்த்து, பிறகு இஸட் ஹெச் சேர்த்து எழுதினேன். வந்தது.

முதலில் ஐயாவின் பெயர், ஒரு காற்புள்ளி, அப்புறம் அவன் பெயர். இங்கே புள்ளி வைத்த ஓர் எழுத்தாக மகனுக்கு முன்னால் அடக்கமாக நிற்கிற தகப்பன் அங்கே முழுப் பெயராக விரிந்து, பிடிபட்டவராகவே நின்றார். தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டி நாலு தடவை போயிருப்பாரோ என்னவோ.

பிடிபட்டவனை உள்ளே எடுத்துக்கொள்ளும்போது எழுதும் முதல் பதிவுக்கு அங்கே புக்கிங் என்று பெயர். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை, கைரேகை, புகைப்படம், சட்டைப் பையிலிருந்த சாமான்களின் ஜாபிதா, குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, வரிசை எண். இவற்றில் சிலவற்றை மட்டும் பொதுப் பார்வைக்கு வைக்கிறார்கள். எதை வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்பது மாநிலச் சட்டத்தையும் அந்தந்த ஷெரீஃப் அலுவலகத்தின் பழக்கத்தையும் பொறுத்தது. சில பட்டியல்களில் இப்போது உள்ளே இருப்பவர் மட்டும்தான். வெளியே வந்த அன்றே பெயர் போய்விடும். சிலவற்றில் பழைய பதிவுகளும் கிடக்கின்றன.

ராத்திரி ஒரு மணிக்கு ஐயாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். இருக்கும் இடம், பதிவு எண், ஜாமீன் தொகை மூன்றையும் சொன்னேன். அவர் சொன்னபடியே மற்றதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் அவன் சிநேகிதர்கள் வக்கீலைப் பிடித்தார்கள். பிடிபட்டவன் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும் என்பது டெக்ஸஸ் சட்டம். அது நடந்து ஜாமீனும் நிர்ணயமாகியிருந்தது. பணம் திரட்டத்தான் ஆள் இல்லை. புதன்கிழமை வெளியே வந்தான்.

அந்தப் பட்டியல் இல்லாமலிருந்தால் ஐயாவின் நிலைமை என்ன என்று நினைத்துப் பார்க்கிறேன். உடனே ஈச்சர வாரியர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அவசரநிலைக் காலத்தில், 1976 மார்ச் 1ஆம் தேதி, கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. தகப்பனார் ஈச்சர வாரியர் ஹிந்திப் பேராசிரியர். அதிகாரிகளிடமும் மந்திரிகளிடமும் மாதக்கணக்கில் அலைந்தார். அவர் கையில் காட்ட ஒரு பதிவு இல்லை. பிடிக்கவே இல்லை என்று அரசு சொன்னது. 1977இல் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், கக்கயம் முகாமில் மகன் செத்துப்போனது வெளியே வந்தது. உடல் கிடைக்கவேயில்லை. கைதைப் பகிரங்கமாக எழுதிவைக்க வேண்டும் என்ற விதி பிடிபட்டவனின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. ரகசியமாகப் பிடிக்க முடிகிற அரசு எதையும் செய்ய முடிகிற அரசு. 1996இல் டி.கே. பாசு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், கைதான செய்தி உறவினருக்குப் போக வேண்டும், கட்டுப்பாட்டு அறையின் அறிவிப்புப் பலகையில் தெரிய வேண்டும் என்று சொன்னதும் இந்த அடிப்படையில்தான்.

ஆகவே அன்றிரவு நான் அந்த ஷெரீஃபுக்கு நன்றியுடையவனாக இருந்தேன். இங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது.

ஐயாவோடு பேசி முடித்த பிறகு நான் படுக்கப் போகவில்லை. பட்டியலில் நண்பனுக்கு மேலே ஒரு கிழவர் இருந்தார், கீழே ஒரு பெண். தட்டினால் படம் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்கிய முகங்கள், அழுது ஓய்ந்த முகங்கள், அப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுப்பியது போன்றவை, காரணமில்லாமல் சிரிக்கிற ஒன்று. குற்றச்சாட்டைப் படித்துவிட்டு முகத்தைப் பார்ப்பது, முகத்தைப் பார்த்துக் குற்றச்சாட்டை ஊகிப்பது என்று ஒரு விளையாட்டே உண்டாகிவிட்டது. யாரையும் எனக்குத் தெரியாது. யாருக்கும் நான் உதவப்போவதில்லை. எழுத்தைப் படித்து அதன் பின்னாலுள்ள மனிதனைக் காண்பதாகப் பத்து வருஷமாகப் பத்திரிகைகளில் விமர்சனம் எழுதிவருகிறேன். அன்று செய்ததும் வாசிப்புத்தான். அதே வேகம், அதே ருசி. ஒரு பதிவுக்குத் தன்னை யார், எதற்காகப் படிக்கிறான் என்பது தெரியாது. அரை மணிக்கு முன் தகப்பனுக்காகப் படித்தவனும் அப்புறம் வேடிக்கைக்காகப் படித்தவனும் அதற்கு ஒன்றுதான்.

பிற்பாடு இந்த விஷயத்தைத் தொடர்ந்து படித்தபோது, கென்டக்கி மாநிலத்து லூயிவில் என்ற ஒரே ஊரில் இந்த இரண்டு விதமான வாசகர்களும் கிடைத்தார்கள்.

1972இல் லூயிவில்லில் போலீஸ் அதிகாரிகள் இருவர், கடைகளில் திருடுகிறவர்கள் என்று பெயரும் படமும் போட்ட துண்டறிக்கை ஒன்றைத் தயாரித்துச் சுமார் 800 வியாபாரிகளுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்த ஒருவர் முந்தின வருஷம் ஒரு கடையில் திருடினார் என்று பிடிபட்டவர். குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை, தீர்ப்பும் ஆகியிருக்கவில்லை. அறிக்கை வெளிவந்த கொஞ்ச நாளில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. அவருடைய உத்தியோகம் பத்திரிகைப் புகைப்படக்காரர். தன் நற்பெயர் போயிற்று என்று அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நற்பெயர் மட்டும் கெடுவது அரசியல் சட்டம் காப்பாற்றுகிற உரிமை இழப்பாகாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு. தேதி 1976 மார்ச் 23. ராஜன் பிடிபட்ட அதே மாதம். ஒரு தேசத்தில் ஒருவரைப் பற்றி ஒன்றுமே எழுதப்படவில்லை. இன்னொரு தேசத்தில் இன்னொருவரைப் பற்றி அவசரமாக எழுதி 800 கடைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டிலும் எழுதுகோல் போலீஸ் கையில்.

1993 டிசம்பரில் அதே ஊரில் ஒரு பெண் அவளுடைய 21ஆவது பிறந்த நாளன்று சுட்டுக் கொல்லப்பட்டாள். கொன்றவன் அவளைப் பலாத்காரம் செய்த வழக்கில் கவுண்டி ஜெயிலில் இருந்த பழைய காதலன். அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்த வருஷம், சிறையிலிருந்து ஒருவன் விடுதலையானதும் பாதிக்கப்பட்டவருக்குத் தொலைபேசியில் தானாகவே தகவல் போகும் ஏற்பாடு அங்கே தொடங்கிற்று. வைன் என்ற அந்த ஏற்பாடு இன்று அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. இந்தப் பெண்ணை வைத்துப் பார்த்தால் பட்டியலை மூடிவிட வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. புகைப்படக்காரரை வைத்துப் பார்த்தால் திறந்து வையுங்கள் என்றும் சொல்ல வாய் வரவில்லை.

பழைய நாளில் இந்தச் சிக்கலை ஓரளவு தூரம் தீர்த்துவைத்திருந்தது. பதிவு பகிரங்கமானதுதான். ஆனால் அதைப் பார்க்க அந்தக் கவுண்டிக்கு வண்டி கட்டிக்கொண்டு போய், ஷெரீஃப் அலுவலகத்துக் குமாஸ்தாவிடம் கேட்டு, பேரேட்டைப் புரட்ட வேண்டும். அக்கறை உள்ளவன் போவான். வேடிக்கை பார்க்கிறவன் போக மாட்டான். 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்துச் சொன்னது. ஒருவனைப் பற்றிய கைது விவரங்கள் நாடெங்கும் கவுண்டி நீதிமன்றங்களிலும் போலீஸ் நிலையங்களிலும் சிதறிக் கிடப்பது வேறு; அவற்றைக் கம்ப்யூட்டர் ஒரே தாளில் திரட்டித் தருவது வேறு; சிதறலும் சிரமமும் மனிதனுக்கு ஒரு மறைவைத் தந்திருந்தன; அந்த மறைவுக்கும் மதிப்பு உண்டு. மத்திய அரசு திரட்டிவைத்திருக்கிற பதிவுகளைப் பற்றியது அத்தீர்ப்பு. கவுண்டிகளை அது கட்டுப்படுத்தவில்லை. கைதிகளின் படங்களை வெளியிடுவதில் அந்தரங்கம் எதுவும் கெடவில்லை என்று 1996இல் சொன்ன ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், 2016இல் இணையத்தின் காலத்தைக் காரணம் காட்டித் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அதுவும் மத்திய அரசின் படங்களுக்குத்தான்.

இடையில் வியாபாரிகள் வந்துவிட்டார்கள். கவுண்டிப் பட்டியல்களை இயந்திரத்தால் வாரிக்கொண்டு போய்த் தங்கள் பக்கங்களில் போட்டு, எடுக்க வேண்டுமானால் பணம் கொடு என்றார்கள். 2013இல் ஜார்ஜியா, டெக்ஸஸ் முதலிய மாநிலங்கள் இதற்கு எதிராகச் சட்டம் செய்தன. 2019இல் நியூயார்க் மாநிலம் புக்கிங் படங்களை வெளியிடுவதற்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2021இல் யூட்டா, தண்டனை உறுதியாகும் வரை படம் பகிரங்கம் இல்லை என்றது. 3,000க்கு மேற்பட்ட கவுண்டிகளில் இவை எத்தனையைத் தொடும்? 2019இல் மட்டும் அந்நாட்டின் உள்ளூர்ச் சிறைகளில் எழுதப்பட்ட சேர்க்கைகள் சுமார் 1 கோடியே 3 லட்சம் என்பது அந்நாட்டு நீதித்துறையின் கணக்கு. ஒரே ஆள் பல தடவை போயிருப்பதும் இதில் அடங்கும். ஏதாவது ஒரு நாளில் உள்ளே இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இன்னும் தீர்ப்பு ஆகாதவர்கள். அத்தனையும் அனாமத்துப் பதிவுகள். எதிர்ப்பதிவு விழுவது வேறொரு கட்டடத்தில், நீதிமன்றக் குமாஸ்தாவின் வேறொரு ஏட்டில். ஜெயில் பட்டியலுக்கு அது பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. வாரிக்கொண்டு போனவனுக்கு அதைத் தேடிப் போக அவசியமும் இல்லை. விலை போவது முதல் பதிவுதான்.

நண்பனின் வழக்கு ஏழு மாதத்தில் தள்ளுபடியாயிற்று. கவுண்டிப் பட்டியலிலிருந்து அவன் பெயர் எப்போதோ போய்விட்டிருந்தது. டெக்ஸஸில் அப்படித் தள்ளுபடியான கைதுகளைப் பதிவேடுகளிலிருந்தே நீக்கக் கோரி மனுப் போடச் சட்டம் இடம் தருகிறது. அவன் போட்டிருக்கிறான். நீக்கு என்று நீதிமன்றம் அரசு அலுவலகங்களுக்கு உத்தரவு போடலாம். பார்த்தவர்களுக்குப் போட முடியாது.

இந்த வருஷம் ஐயா மறுபடி மாதக் கடைசியில் வந்தார். அவர் முன்பு எழுதிய இலக்கணக் கட்டுரை ஒன்றை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போனில் தம் பெயரை ஆங்கிலத்தில் அடித்துத் தேடியிருக்கிறார். போனை என் பக்கம் திருப்பினார். ஒரு வியாபாரப் பக்கம். அவர் பெயர் கொட்டை எழுத்தில், ஒரு காற்புள்ளி, கீழே மகனின் படம்.

“என் பேரைத் தேடினேன் தம்பி. இவன் வந்தான்” என்றார். சற்றுப் பொறுத்து, “வழக்கு முடிஞ்சுபோச்சுன்னு இதுல எழுத மாட்டாங்களா?” என்று கேட்டார்.

அது வேறு ஏட்டில் இருக்கிறது என்று சொன்னேன். அதை ஏன் இங்கே கொண்டுவந்து போடக் கூடாது என்றார். கேள்வி வங்கித் தணிக்கைக்காரர் கேட்பது மாதிரியே இருந்தது. என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பக்கத்தை இரண்டு மாதம் முன்னாலேயே நான் பார்த்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. நண்பன் பெயரை நான் ஏன் திரும்பவும் தேடினேன் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லத் தகுந்த காரணம் ஒன்றும் கிடையாது. முதல் இரவில் தொடங்கிய பழக்கம், அவ்வளவுதான். இந்தப் பத்திரிகை அவருக்குப் போகிறது, படிப்பார், தெரிந்துகொள்வார். நண்பனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுது, கவுண்டி பெயரைப் போடாதே என்றான்.

அந்தப் பக்கத்தாருக்குத் தள்ளுபடி உத்தரவின் நகலை இணைத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். நான்கு மாதம் ஆகிறது. அன்று ஐயா போவதற்கு முன் பாஸ்புக்கைக் கொடுத்தார். பதிய வேண்டிய வரவு எதுவும் வந்திருக்கவில்லை. இருந்தாலும் இயந்திரத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் திறந்து தம் பெயர் அங்கே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.